பூக்கொத்திக்காக ஒரு பொய்

எண்பதுகளின் நடுவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் விலங்கியல் வாத்தியார். மாமனாருக்கு ராஜபாளையத்தில் மாந்தோப்பு. கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் பஸ் ஏறிவிடுவேன். மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்காகத்தான் போகிறேன் என்பாள் என் மனைவி. அது பாதி உண்மை. மீதிப் பாதி, தோப்பிலிருந்த பூக்கொத்தி.

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய குருவி அது. சாம்பல் நிறம், குட்டை அலகு, ஓயாத 'டிக் டிக்'. பறவை நூல்கள் அதைத் தேன்சிட்டுக்குப் பக்கத்துக் குடும்பத்தில் வைக்கின்றன. பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தேன்சிட்டு, நீண்டு வளைந்த அலகால் தேனைக் குடித்துவிட்டு மரியாதையாகப் போய்விடும். பூக்கொத்திக்குப் புல்லுருவிப் பழத்தின் மேல்தான் ஆசை. அதன் கொட்டையில் அப்படி ஒரு பசை. வெளியே வரும்போது லேசில் விழாது. குருவி கிளையில் உட்கார்ந்து பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். ஒட்டிய இடத்தில் அடுத்த புல்லுருவி முளைத்து மரத்தின் சாற்றை உறிஞ்சும்.

மாமனாருக்கு உயிர், தோப்பின் நடுவில் நின்ற சப்பட்டை ரக மாமரம். ஒரு ஞாயிறு நான் போனபோது உண்டிவில்லும் கையுமாக அதன் அடியில் நின்றார். மேலே இரண்டு கொத்துப் புல்லுருவி.

"மாப்ள, இந்தச் சனியனக் கொண்டாந்து வைக்கிறது எந்தக் குருவின்னு மட்டும் சொல்லுங்க. பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே 'டிக் டிக்'.

"இதுவா?" என்று வில்லைத் தூக்கினார்.

"இல்ல மாமா, அது தேன்சிட்டு. தேன் குடிக்கும், அம்புட்டுதான். இது காக்கா வேல."

காக்கைக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும் என்ற தைரியம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, தேன்சிட்டின் குடும்பம், அலகு, உணவு எல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அதை அவர் பம்புசெட் அறைச் சுவரில் ஒட்டி, தோப்புக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க மாப்ள எழுதினது" என்று காட்டினார். அதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடு.

அதற்குப் பிறகு தோப்பில் காக்கைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூக்கொத்தி நிம்மதியாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு புல்லுருவியை வெட்டினால், ஏணி எட்டாத உயரத்தில் இரண்டு முளைத்தன. நாலைந்து வருடத்தில் மரத்தில் பாதி காய்ந்துவிட்டது. காய்ந்த கிளைகளை இறக்க ஆள் வந்த அன்று நானும் போயிருந்தேன். முதல் பெரிய கிளை விழுந்ததும் மாமனார் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"மாமா, அது தேன்சிட்டு இல்ல. பூக்கொத்தி. புல்லுருவியக் கொண்டாந்ததும் அதுதான்."

"தெரியும் மாப்ள. அலகு குட்டையா இருக்குல்லா. கிளையில தேய்க்கிறத மொத வாரமே பாத்துட்டேன்."

"பொறவு ஏன் அடிக்கல?"

"நீங்க எழுதினத ஊரே பாத்தாச்சு. நான் அந்தக் குருவிய அடிச்சா, மாப்ளைக்குப் பாடம் தெரியலன்னு நாலு பேரு சிரிப்பாக. மரம் போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வாத்தியாருக்குப் பாடம் தெரியாது என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பாடம் தெரியாம இல்ல மாமா. குருவியக் காப்பாத்தணும்னு, தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"தெரியாமச் சொன்னீகன்னு நெனச்சுல்லா மாப்ள மரத்தக் கொடுத்தேன்" என்றார்.