மூன்று விரல் நீண்ட எஞ்சின்

கழற்றிய நட்டு, வாஷர்களைக் குழந்தைவேல் அஞ்சறைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடுகுக் கிண்ணத்தில் வாஷர், சீரகத்தில் சின்ன நட்டு, மிளகில் பெரிய நட்டு. பெருங்காயத்தை மட்டும் தொடவில்லை. "இரும்புக்கும் காயத்துக்கும் ஒத்துக்காது" என்பது அவர் கொள்கை. எங்கிருந்து கற்றார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் வீட்டில் மூன்று நாளாக ரசம் கிடையாது.

கவுஞ்சியில் அவருடைய மூக்கு லாரியைத் தெரியாதவர்கள் இல்லை. எஞ்சின் முன்னால் மூக்காக நீண்டிருக்கும் 1967-ஆம் வருட வண்டி. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மலையிறங்கியே வயதாகிவிட்டது. குழந்தைவேல் பேச்சில் லாரி 'அவரு'. கூடமாட வேலை செய்யும் வெல்டர் மலைச்சாமி 'நீ'. திண்டுக்கல்லில் ஒரு காலேஜ் பஸ்ஸிலிருந்து கழற்றியதை வாங்கி வந்த புது டீசல் எஞ்சின் 'அவன்'.

"அவன் எளவட்டம். அவரு போக்குக்கு வளைஞ்சு குடுக்கணும்ல."

பழைய எஞ்சின் போன மாதம் பூம்பாறை ஏற்றத்தில் உயிரை விட்டது. மனைவி சோலையம்மாள் இரண்டு வாரம் பொறுத்தார். மூன்றாம் வாரம் காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டார். கணவருக்கும் கேட்கட்டும் என்று வாசலில் நின்றே பேசினார்.

"வர்ற பொதங்கெழம காலைல வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏறுச்சுன்னா வண்டி எங்களுக்கு. ஏறலன்னா மத்தியானம் வந்து வெட்டி எடுத்துட்டுப் போங்க."

செவ்வாய்க்கிழமை காலை, மூன்று தைலமரக் கம்புகளை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக் கப்பியில் எஞ்சினைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். படுக்கையில் கிடக்கும் ஆளை இடம் மாற்றுகிற அதே வேலைதான். தலைமாட்டில் ஒருவர், இடுப்பருகே ஒருவர் நின்று, ஒரே மூச்சில் சேர்ந்து நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் தூக்குகிறவருக்கு முதுகு போகும். குழந்தைவேல் அவசரப்படவில்லை. பழைய கியர் பாக்ஸோடு சேர்ப்பதற்கென்று லேத்தில் கடைந்து வந்த தகடும் அச்சாகப் பொருந்தியது.

முன்பக்கம்தான் இடித்தது. ரேடியேட்டர் நிற்க வேண்டிய இடத்துக்குள் எஞ்சினின் விசிறி மூன்று விரல் நீட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, அளந்துதான வாங்குனீங்க?" என்றார் மலைச்சாமி.

"ஏலே, நான் அளக்காம ஒரு பூண்டுச் சாக்கக்கூட தொட்டதில்ல." குழந்தைவேல் மடியிலிருந்து சாக்குத் தைக்கும் சணல் கயிறு ஒன்றை உருவினார். அதில் ஒரு முடிச்சு. லாரியின் மூக்குக்குள் எவ்வளவு இடம் என்று அதில்தான் அளந்து, மடியில் முடிந்து, திண்டுக்கல்லுக்குக் கொண்டு போயிருந்தார்.

"டேப்பு இல்லியாண்ணே?"

"டேப்புல நம்பரு இருக்கும், தப்பாப் படிச்சிருவோம். கயித்துல படிக்கிறதுக்கு என்ன கெடக்கு?"

கயிற்றை எஞ்சினின் மேல் பிடித்தார். திண்டுக்கல்லில் முடிச்சும் எஞ்சினும் சரிக்குச் சரியாக நின்றதை அவரே பார்த்தவர். இங்கே கயிறு மூன்று விரல் குறைந்தது. எஞ்சினை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, கடைக்காரரைத் திட்டப் போனை எடுத்தார். மலையேறிய குளிருக்கு எஞ்சின் நீண்டிருக்குமோ என்று மலைச்சாமி கவலையோடு கேட்டார்.

காப்பி கொண்டுவந்த சோலையம்மாள் கயிற்றை வாங்கித் தடவிப் பார்த்தார். மூடுபனியில் நனைந்து விறைத்திருந்தது.

"ஏங்க, இங்க அளந்த அன்னைக்கும் இப்பிடித்தான பனி பெஞ்சுச்சு?"

"ஆமா."

"திண்டுக்கல்லுல?"

"மண்ட பொளக்குற வெயிலு."

"நம்ம வீட்டுக் கொடிக்கயிறு பனியில சுருங்கி வெறச்சு நிக்கும், வெயில் வந்தா நீண்டு தொங்கும். நாப்பது வருசமா அதுலதான் உங்க வேட்டி காயுது. ஒருநாளாவது அண்ணாந்து பாத்திருக்கீங்களா?"

குழந்தைவேல் போனைச் சட்டைப்பையில் போட்டார். காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "எஞ்சினக் குட்டையாக்க முடியாது. லாரிய நீட்டிருவோம்."

"மூஞ்சிய வெட்டணுமேண்ணே."

"வெட்டு. வெரசா வெட்டு."

சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தவர், மலைச்சாமி வெட்டுகிற நேரமெல்லாம் லாரியின் பின்பக்கம் போய் நின்று, நன்றாக இருந்த டெயில் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் முன் கம்பிகளை வெட்டி, ரேடியேட்டரை வெளியே தள்ளி, சுற்றிலும் தகடு வைத்துப் பற்றவைத்தாகிவிட்டது. புதிதாகப் பல்செட் கட்டிய ஆளைப்போல லாரி வாய் மூட முடியாமல் நின்றது.

"எதையோ மோந்து பாக்குற மாரி இருக்கு" என்றார் சோலையம்மாள்.

"இருக்கட்டும். ஓடுறதுக்கு அழகு எதுக்கு?" சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் ஓடியது.

மறுநாள் வெள்ளனே லாரியை, வழக்கமாக லோடு ஏறும் கீழ்ப்பாதை வளைவில் கொண்டுபோய் நிறுத்தினார். லோடு ஏறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்று சோலையம்மாளும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். பாதையில் ஒரு மூட்டை இல்லை, ஓர் ஆள் இல்லை.

குழந்தைவேலுக்குக் காரணம் புரியக் கால்மணி நேரம் ஆனது. பழைய எஞ்சினின் இரைச்சல் மூன்று வளைவுக்கு முன்பே ஊரை எழுப்பிவிடும். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் மூட்டையைப் பாதைக்குக் கொண்டுவருவார்கள். இந்த எஞ்சினோ பூனை மாதிரி வந்து நிற்கிறது. பூண்டு எல்லாம் வீடுகளுக்குள், கதவுகள் சாத்திக் கிடந்தன.

"ஹாரன அடிங்க."

"லோடு தானா வரணும். நான் ஒருநாளும் கூப்பிட்டு ஏத்துனதில்ல." ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோலையம்மாளின் போன் அடித்தது. காயலான் கடைக்காரர். சோலையம்மாள் பெயரைப் பார்த்தார், போனை அப்படியே மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு கணவரின் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். முதல் கதவு திறக்கும்வரை கையை எடுக்கவில்லை.