சிங்கப்பூர் ஒரு பகல் தூரம்

சிங்கப்பூர் தூரம் என்று யார் சொன்னாலும் அந்த வயதில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதிகம் சொன்னவர் பெரியவாப்பா, என் வாப்பாவின் அண்ணன். எங்கள் மருதமுனைத் தறிகளில் நெய்த சாறன்களை விற்க வாப்பா கப்பலேறி மூன்று வருடமாகியிருந்தது. 'இந்தச் சரக்கு முடிந்ததும் வந்துவிடுவேன்' என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். எப்போது வருவார் என்று உம்மா கேட்டால், பெரியவாப்பா கடல் பக்கம் கையை நீட்டுவார்.

"தூரம் புள்ள. நினைச்ச உடன வர ஏலுமா?"

ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஆசியப் படம் தொங்கியது. நூலை வைத்து அளந்தேன். எங்கள் ஊரில் நூலுக்கா பஞ்சம்? கொழும்பிலிருந்து பிளேனில் போக எவ்வளவு நேரம் என்று வாத்தியாரைக் கேட்டேன். ஒரு பகல் போதும் என்றார். நாங்கள் கொழும்புக்குப் போவதென்றால் மட்டக்களப்புவரை பஸ், பிறகு இரவெல்லாம் ரயில். அப்படிப் பார்த்தால் கொழும்புக்குச் சிங்கப்பூர்தான் பக்கம், நாங்கள்தான் தூரம்.

அடுத்த முறை பெரியவாப்பா வாயைத் திறந்ததும் எழுந்து நின்றேன்.

"பொய்! ஒரு பகல்தான். வாத்தியார் சொன்னவர்."

"பெரியாக்களோட எதிர்த்துக் கதைக்கிறியா?" என்று காதைத் திருகினார். உயிர் போகிற வலி. ஆனாலும், "ஒரு பகல்தான், ஒரு பகல்தான்" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

"அவள விடுங்க மச்சான்," என்றார் உம்மா. "அவள் காயிதம் எழுதட்டும்."

உம்மாவுக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். அன்று உம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்கச் சொன்னார்.

"அங்க கஸ்ராத் தொழுறீங்களா, முழுசாத் தொழுறீங்களா எண்டு கேளு."

பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம், அதுதான் கஸ்ர். இது எனக்கும் தெரியும். வரச்சொல்லாமல் இதையா கேட்பது என்று எரிச்சலாக இருந்தது. உம்மாவுக்குத் தெரியாமல், 'ஒரு பகல் தூரம்தான், எனக்குத் தெரியும்' என்று கீழே சேர்த்துவிட்டேன்.

பதில் வந்தது. என் வரிக்குப் பதிலே இல்லை. 'அல்ஹம்துலில்லாஹ், முழுதாகவே தொழுகிறேன்' என்று வாப்பா எழுதியிருந்ததை உரக்க வாசித்தேன்.

"ஓம்," என்றார் உம்மா.

மறுநாள் வாப்பாவின் பெட்டியை இழுத்து வந்து வாசலில் வைத்துவிட்டு, பெரியவாப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

"உங்கட தம்பிர பெட்டி. கொண்டு போங்க."

"அவன் வந்தா எங்க தங்குற?"

"இது எங்கட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த ஊடும் வளவும். வாறவர் உங்கட ஊட்டுக்கு வரட்டும்."

பெரியவாப்பா இந்த முறை கடல் பக்கம் கையை நீட்டவில்லை, பெட்டிக்குத்தான் நீட்டினார். நான்தான் விடவில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். ஒரு வாரம் நான் உம்மாவோடு பேசவில்லை.

ஓரிடத்தில் தங்கிவிடுவதென்று மனதில் நினைத்தவன் பயணி இல்லை, அவன் முழுதாகத்தான் தொழவேண்டும் என்பதை எங்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் லெப்பை அப்போது இன்னும் சொல்லித் தந்திருக்கவில்லை. உம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. நானோ, அவ்வளவு தூரத்திலும் ஒரு ரக்அத்தைக்கூடக் குறைக்காதவர் என் வாப்பா என்று தெருவெல்லாம் பெருமையடித்துத் திரிந்தேன்.