வேகத்துக்கு ஈடுகொடுத்த கம்ப்யூட்டர்

அரூரில் நானும் என் கணவரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறோம். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமென்று போன வருடம் சேலத்துக்குப் பஸ் ஏறினோம்.

கடையில் மூன்று வகை இருந்தன. டி.வி.யோடு இணைக்கும் சின்னதுதான் விலை குறைவு. கலர் திரையும் ஹார்டு டிஸ்க்கும் உள்ளது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பச்சை எழுத்துத் திரையும் இரண்டு பிளாப்பி டிரைவும் கொண்ட மற்றொன்று நடுத்தர விலை.

"டைப் அடிக்கத்தானுங்களே, சின்னதே போதும்" என்றார் கடைக்காரர். என் கணவர் உடனே அட்வான்ஸ் கொடுக்கப் போனார்.

"இருங்க, ஒரு தடவை அடிச்சுப் பார்த்துடறேன்" என்று நான் அந்தச் சின்னதன் முன்னால் உட்கார்ந்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் அடித்த அதே வேகத்தில் ஒரு பத்தி அடித்துவிட்டு நிமிர்ந்தால், வார்த்தைக்கு வார்த்தை எழுத்தை விழுங்கியிருந்தது!

"கொஞ்சம் மெதுவா அடிங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"வேகமா அடிக்கச் சொல்லித்தரத்தானுங்க நாங்க இன்ஸ்டிட்யூட்டே வெச்சிருக்கோம்" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நடுத்தர விலைக் கம்ப்யூட்டரில் அதே பத்தியை இன்னும் வேகமாக அடித்தேன். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. அதையே வாங்கிவந்தோம். இன்று கம்பைநல்லூரிலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வந்து எங்களிடம் கற்றுக்கொள்கிறார்கள்.

இப்போது மிக்சியோ தையல் மெஷினோ, எது வாங்கினாலும் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். நான் வாய் திறக்கும் முன்பே என் கணவர் பெருமையாகச் சொல்லிவிடுகிறார்: "எங்க வூட்டம்மா ஓட்டிப் பார்க்கட்டுங்க, அப்புறம் விலை பேசலாம்!"