குணமாகாத கைக்குக் கிடைத்த டேப்லெட்

ஜெபித்துவிட்டு இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிற சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். என் பெயர் ஸ்டெல்லா. மலேசியாவில் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் குடியிருக்கிறேன். பிரிண்டிங் கடைகளுக்குத் தமிழ் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு, கோயில் திருவிழா பேனர் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். கணவர் இறந்துபோன பிறகு எனக்கு வேறு வருமானம் இல்லை. அந்தக் கைதான் கெட்டுப்போனது.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வலி ஆரம்பித்தது. வலது கட்டைவிரலின் அடியில் நெருப்பு வைத்த மாதிரி எரியும். துணி பிழிய முடியவில்லை. புட்டி மூடியைத் திறக்க முடியவில்லை. பல் துலக்க இடது கையைப் பழக்கினேன். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கைப் பயிற்சி கொடுக்கிற மலாய்க்காரப் பெண் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்தாள். இப்படியே விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தால் விரலில் பலம் திரும்பாமலே போகலாம் என்று சொன்னாள். ஒரு டேப்லெட் வாங்குங்கள், தட்டாமல் வாயால் சொல்லி எழுதப் பழகுங்கள், திருத்துவதற்குத் தடித்த பேனா வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேப்லெட் என்றால் பிள்ளைகள் சோறு சாப்பிடும்போது கார்ட்டூன் பார்க்கிற பலகை. எனக்கு ஆண்டவர் இருக்கிறார், அது எதற்கு என்று நினைத்தேன்.

எங்கள் சபையில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. நானும் முன்னால் போய் நின்றேன். பாஸ்டர் என் கையில் எண்ணெய் பூசி ஜெபித்தார்.

"கைய அசைங்க சிஸ்டர்!" என்றார்.

அசைத்தேன். சபை முழுவதும் எழுந்து நின்று கை தட்டும்போது யார்தான் அசைக்கமாட்டார்கள்?

"வலி போச்சா?"

"கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு பாஸ்டர்."

அவர் மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோய், "முழுசா சுகம்! கர்த்தருக்குக் கை தட்டுங்க!" என்றார். நான் சொன்ன 'கொஞ்சம்' மைக்கில் விழவே இல்லை.

வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஒருவருக்குச் சுகம் என்று மேடையில் அறிவித்துவிட்டால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு வலி என்று சொல்லக்கூடாது. சொன்னால் அவிசுவாசம். மாத்திரை போட்டால் சந்தேகம். அடுத்த ஞாயிறு பட்டையோடு ஆராதனைக்குப் போனேன். மூப்பரின் மனைவி என்னை ஓரமாக அழைத்து, "என்ன சிஸ்டர், சாத்தானுக்கு நீங்களே கதவு தொறந்து விடுறீங்களா?" என்று கேட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால் வெட்டுகிற காலத்தில் கை வீங்கினால் தோட்டத்து டிரெசர் மருந்து போட்டுக் கட்டிவிடுவார். உன் விசுவாசம் எவ்வளவு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

சுகமான கைக்கு வேலையும் கூடியது. வாராவாரம் திரையில் காட்டுகிற பாட்டு வரிகளை நான்தான் தட்டுவேன். இப்போது கன்வென்ஷன் கூட்டத்துக்கான பாட்டுப் புத்தகம் முழுவதையும் என் தலையில் கட்டினார்கள். "சொகம் கெடச்ச கைதானே சிஸ்டர், அத கர்த்தருக்கே குடுங்க," என்றார் பாஸ்டர். கொடுத்தேன். புத்தகம் முடிந்தபோது ஒரு தட்டைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு குடும்பத்தின் மரண அறிவிப்பு வந்தது. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன். கொடுத்து முடிப்பதற்குள் அங்கே பிரேதத்தையே எடுத்துவிட்டார்கள்.

பிரிண்டிங் கடைக்காரர் போன் செய்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. சாவு நமக்காகக் காத்திருக்காதுலா. இனிமே வேற ஆளுக்கிட்ட குடுத்துக்கிறேன்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் பரலோகத்தின் மேல்தான் இருந்தது. அடுப்படியில் நின்று இடது கையால் அரிசி களைந்துகொண்டே ஜெபித்தேன். பணிவாக ஜெபித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

"ஆண்டவரே, என் கை குணமாகலன்னு அவங்களுக்குத் தெரியாட்டியும் உமக்குத் தெரியும். இனிமே சொகம் கேக்கமாட்டேன். இந்தக் கைய வச்சுப் பொழைக்க ஒரு வழி காட்டும். அதுவும் இல்லன்னா, இல்லன்னு சொல்லிடும்."

அந்த வாரத்திலேயே பக்கத்து வீட்டுச் சரோஜா வேலிப் பக்கம் வந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். கையுறைத் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்து இரண்டு மணிக்கட்டையும் கெடுத்துக்கொண்டவள்.

"அக்கா, ஒன்னு கேட்டா கோவிக்கக்கூடாது. தெனமும் கையில பட்ட போடுறீங்க. ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் கழட்டிட்டுப் போறீங்க?"

சபையில் ஒருவரும் கேட்காத கேள்வி. அழுதுவிட்டேன். சபையில் நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் என் ஆண்டவரைக் கேலி செய்யவில்லை.

"ஒங்க சாமிய நான் கொற சொல்லலக்கா. எனக்கும் இந்த மாதிரிதான் இருந்துச்சு. டேப்லெட் வாங்கி வாயால சொல்லி எழுதச் சொன்னாங்க. இப்ப பேத்திக்கு மெசேஜ் எல்லாம் அதுலதான். ஒங்களுக்கும் ஒன்னு பாப்போம். நாளைக்கே போலாம், நான் வாரேன்."

ஆஸ்பத்திரியில் சொன்ன அதே வார்த்தை. நான் அவளிடம் டேப்லெட்டைப் பற்றி மூச்சே விட்டதில்லை. கேட்பதற்கு முன்பே இந்த வழி ஒருமுறை வந்தபோது நான் வேண்டாம் என்று தள்ளினேன். அது வேலி தாண்டி மறுபடியும் வந்தது.

டவுனில் கடைக்காரப் பையன் இருப்பதிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்தான். எழுத்து பெரிதாகத் தெரிந்தது. எனக்குப் பிடித்துப்போனது. சரோஜா விடவில்லை.

"இருங்கக்கா. அத ஒரு கையில பிடிங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் கீழ வைக்காதீங்க."

பிறகு அவள் அந்தப் பையனிடம் மலாயில் ஊர்க்கதையெல்லாம் பேச ஆரம்பித்தாள். கதை பாதி வருவதற்குள் என் கட்டைவிரல் எரிந்தது. போட்டுவிடுவேன் போலிருந்தது. பெரிய பலகை கண்ணுக்கு நல்லதாக இருக்கலாம், கைக்கு அது இன்னொரு பாரம். அடுத்து நடுத்தர அளவில் இலேசான ஒன்றைப் பார்த்தோம். கையால் தாங்காமல் மேசையில் சாய்த்து வைக்க ஒரு தாங்கி, இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாத தடித்த பேனா. வாயால் சொன்னால் தமிழில் எழுதுமா என்று பார்க்கச் சொன்னாள் சரோஜா. எனக்கு வாயில் வந்தது பழகிய வரிதான். "எங்கள் அன்புத் தந்தையார் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

என் விரல் படாமலே எழுத்துகள் திரையில் வரிசையாக வந்து நின்றன. எனக்குக் கண்ணீர் கொட்டியது. பையன் பயந்துபோய் யார் செத்தது என்று கேட்டான். யாரும் சாகவில்லை, வேலை திரும்பி வந்திருக்கிறது என்று சரோஜா சொன்னாள். கூரை ஓடு மாற்ற எடுத்து வைத்திருந்த பணத்தில் அதை வாங்கினேன். கூரை இன்னும் ஒழுகுகிறது.

இது மாயம் இல்லை. பெயர்களைத் தப்பாக எழுதும், பேனாவால் திருத்த வேண்டும். குளிர்ந்த காலையில் கை இன்னும் வலிக்கிறது. ஆனால் பிரிண்டிங் கடைக்காரர் மறுபடியும் போன் செய்கிறார். சோறு பொங்குகிறது. ஆண்டவருக்கு நன்றி.

பாட்டுப் புத்தகம் வெளியிட்ட ஞாயிறு, பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார். பட்டையோடு போனேன். "என் கை குணமாகல. அன்னைக்கும் குணமாகல. ஆண்டவர் எனக்கு வேற பதில் குடுத்தாரு. அத என் பக்கத்து வீட்டுச் சரோஜா வழியாக் குடுத்தாரு," என்றேன். அடுத்த வார்த்தை பேசுவதற்குள் மைக் என் கையில் இல்லை. கை தட்டவும் ஆள் இல்லை.

ஆராதனை முடிந்து பின்பக்கம் கை கழுவப் போனேன். மேரி சிஸ்டர் என் பின்னாலேயே வந்தார். சர்க்கரை நோய் முழுசாகப் போய்விட்டது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேடையில் அறிவிக்கப்பட்டவர். கைப்பையைத் திறந்து எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினார். உள்ளே இன்சுலின் ஊசி.

"இங்க கக்கூஸ்ல வச்சுத்தாங்க்கா போட்டுக்கிறேன். சொல்ல பயமா இருக்கு," என்றார்.

அங்கேயே, அந்த ஈரத் தரையில் நின்று, இரண்டு பேரும் கை பிடித்து ஜெபித்தோம். நான் இடது கையைத்தான் கொடுத்தேன்.

அன்பானவர்களே, நம்புங்கள். ஆனால் வலிக்கிறதை வலிக்கிறது என்று சொல்லியே நம்புங்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். நம்முடைய ஆண்டவருக்கு நம் பொய் தேவைப்படாது. மேரி சிஸ்டருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் அவர் சாட்சி சொல்லப் போகிறார். பாஸ்டர் இதுவரை என்னோடு பேசவில்லை. அவருக்காகவும் ஜெபியுங்கள். இப்போதெல்லாம் மேடை ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது, அதை யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைக்கிறார்.