கதவைத் திறந்தே ஆகோணுங்களா?

தொலைபேசி மொழிபெயர்ப்பாளராக நான் வேலை பார்த்தபோது, ஒரு மதியம் பார்சிப்பனி என்ற அமெரிக்க ஊரிலிருந்து அழைப்பு வந்தது. நான் இருந்தது வேறொரு மாநிலத்தில், சுகர் லேண்டில், என் வீட்டு மேசையில். லைனில் ஒரு போலீஸ் ஆபீசர். ஒரு வீட்டு வாசலில் நிற்பதாகவும், உள்ளே இருக்கும் பெண்ணுக்குத் தமிழ்தான் தெரியும் என்றும் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு போனைக் கதவருகே பிடித்தார்.

பார்க்கிங் லாட்டில் யாரோ ஒரு காரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறார்கள். இந்த வீட்டுக் கார் மேல் சந்தேகம். கராஜைப் பார்க்க வேண்டும் என்றார். அதை அவளிடம் தமிழில் சொன்னேன்.

"அவரு வேலைக்குப் போயிட்டாருங்க. நானும் குழந்தையுந்தான் இருக்கறோம்." கொங்குத் தமிழ். குரல் நடுங்கியது. "ஏனுங்கக்கா, கதவைத் திறந்தே ஆகோணுங்களா? இல்லாட்டி விசாவுல கை வெப்பாங்களா?"

கேட்டது என்னை. பதிலும் எனக்குத் தெரியும். நீதிபதியின் வாரண்ட் இல்லாத போலீசுக்கு, வாசலுக்கு வரும் விற்பனையாளருக்கு உள்ள உரிமைதான். தட்டலாம், பேச்சுக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் முடியாதென்றால் திரும்பிப் போக வேண்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஆலோசனை சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும்.

'திறக்காதேம்மா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அவள் கேட்டதை ஒரு சொல் விடாமல் ஆபீசரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: வாரண்ட் இல்லை. திறக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விசாவுக்கும் போலீசுக்கும் சம்பந்தமில்லை. ஆபீசர் சொல்வதாகவே அதை அவளிடம் தமிழில் சொன்னேன்.

"அப்பத் திறக்கலீங்க. அவரு வந்து பேசுவாரு. இன்னொரு போலீஸ்காரரு வூட்டுக்குப் பின்னால போறாரே, அவரையும் கூப்பிட்டுக்கச் சொல்லுங்க."

அதையும் சொன்னேன். ஆபீசர் யாரையோ திரும்பி வரச் சொல்லிக் கத்தினார்.

"கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்கக்கா. வெயில்ல நிக்கறாங்க, தண்ணி வேணும்னா ஜன்னல் வழியா குடுக்கறேன்."

ஆபீசர் சிரித்துவிட்டார். தண்ணீர் வேண்டாம், கணவரைப் பேசச் சொல்லுங்கள் என்று தன் நம்பர் போட்ட கார்டைக் கதவில் செருகிவிட்டுக் கிளம்பினார். ஹெட்செட்டைக் கழற்றினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விடை உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், கேள்வியைப் பதில் சொல்ல வேண்டியவரிடம் கொண்டு சேருங்கள். நான் சொல்லியிருந்தால் அது போனில் யாரோ ஒரு அக்கா சொன்னதாக இருந்திருக்கும். போலீஸ்காரரே சொன்ன பதிலாக வந்ததால்தான் அவள் குரல் நடுக்கம் நின்றது.