பன்சலைக்குப் போன வேன்

வேன்காரனுக்குச் சொந்தமாகச் சாமி கிடையாது. ஏறுகிறவனுடைய சாமி எங்கே இருக்கிறதோ, அந்த வாசலில் போய் நிழல் தேட வேண்டும். என்னைப் போலக் கயருக்கு, வாடகைக்கு, வேன் ஓட்டுகிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாகரைப் பக்கத்துச் சேர்ச், காத்தான்குடிப் பள்ளிவாசல், கதிர்காமம், எல்லா வாசலிலும் நின்றிருக்கிறேன். வாசலோடு நம் வேலை முடிந்தது. உள்ளே என்ன நடந்தால் நமக்கென்ன.

சொந்தக் குடும்பத்தை ஏற்றியபோது அப்படி இருக்க முடியவில்லை. என் மகள் சுமதி கட்டியது மகியங்கனைச் சிங்களப் பெடியன் நிமலை. நல்ல பெடியன். என் வளவிலேயே வீடு கட்டி இருக்கிறார்கள். அவர்களின் மகள் சந்துனிக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. அவனை அக்காள்காரி சிங்களத்தில் 'மல்லி' என்று கூப்பிடுவாள், தம்பி என்று அர்த்தம். இப்போது எல்லோருக்கும் மல்லிதான்.

ஒரு நாள் சுமதி வந்தாள். "அப்பா, இவ்வளவு நாளும் புள்ளையளுக்கு ஒரு சமயமும் சொல்லிக் குடுக்கல்ல. இனிப் போயாவுக்குப் போயா பன்சலைக்குப் போகப் போறம். நாலு பேரும் சேர்ந்து" என்றாள். போயா என்றால் பௌர்ணமி, பன்சலை என்றால் புத்த விகாரை. "ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது?

எனக்கு ஒரே ஒரு பயம்தான். வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி நடக்கும். கோபத்தோடு வந்து நிற்கிறவளைக் குளிரச் செய்கிற சடங்கு. நடக்கத் தொடங்கிய காலம் முதல் சந்துனி என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் அதைப் பார்ப்பாள். இனி வருவாளா? கேட்கவில்லை. பதில் பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

தேசிக்காய்

முதல் போயா. நாலு பேரும் வெள்ளை உடுத்து வந்து நின்றார்கள். சீற்றைத் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தேன். மறுகாவும் துடைக்கச் சொன்னார்கள். தூரப் பயணமென்றால் முன் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வேனை எடுப்பேன். பன்சலை தூரமில்லை, வாவிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். எனக்கு அது தூரமாகத்தான் பட்டது. வைத்தேன்.

காய் உருண்டது. நிமல் இறங்கி ஒரு கல்லை எடுத்து அண்டை கொடுத்தான். மல்லியும் இறங்கிக் குனிந்து பார்த்தான். எந்த உயிரையும் நோகச் செய்யக் கூடாது என்று முந்தின நாள்தான் வீட்டில் படிப்பித்திருந்தார்களாம். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "அம்மப்பா, அதுக்கிட்டச் சொல்லிப்போட்டா நசுக்குறீங்க?"

இரண்டு கை

பன்சலைக்கு வெளியில் வெயில். உள்ளே போய்விட்டேன். நிழலுக்காகத்தான், வேறொன்றும் இல்லை. நாலு பேரும் நிலத்தில் இருந்தார்கள். நிமல் பாளி மொழியில் ஒரு வரி சொல்ல, மற்ற மூவரும் திருப்பிச் சொன்னார்கள். சுமதிக்கு நாக்கு புரளவில்லை. தாயை மகள் திருத்தினாள், மகளை யாரும் திருத்தவில்லை. மல்லி எல்லா வரிக்கும் கடைசிச் சொல்லை மட்டும் சத்தமாகச் சொன்னான்.

புத்தருக்கு முன்னால் சோறும் கறியும் சின்னச் சின்னக் கோப்பைகளில் வைத்திருந்தார்கள். பூசை நேரம் முடிய ஒரு பெண் அவற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தா. சாமிக்குப் படைத்தது வெளியே வந்தால் இரண்டு கையையும் ஏந்த வேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏந்தினேன். அந்த மனிசி திகைத்துப்போய் ஒரு பிடி வைத்தா. கண்ணில் ஒற்றி வாயில் போட்டேன்.

சந்துனி ஓடிவந்தாள். புத்தருக்கு வைத்ததை ஆட்கள் சாப்பிடுவதில்லையாம். "பின்ன ஆருக்குக் குடுக்கிற?" என்றேன். சுற்றிப் பார்த்தாள். வாசல் நிழலில் ஒரு கறுப்பு நாய் கிடந்தது. எனக்கு மரியாதை குறையாமல் மெதுவாகச் சொன்னாள்: "அந்தா படுத்திருக்கார், அவருக்குத்தான் அம்மப்பா."

"வந்துகொண்டிருக்கிறேன்"

நம் தொழிலின் மந்திரம் இது. எல்லோரும் சொல்வோம். ஒரு காலை வெல்லாவெளி வாடிக்கையாளர் ஒருவர் போனில் கூப்பிட்டார். பொம்பிளை பார்க்கப் போகிற பயணம், நல்ல நேரம் பார்த்துக் குறித்திருந்தார். நான் இன்னும் முகம் கழுவவில்லை. பக்கத்தில் சந்துனி. "நான் பாலம் தாண்டிட்டன் எண்டு சொல்லு புள்ள" என்று போனைக் கொடுத்தேன்.

பன்சலையில் படிக்கிற ஐந்து சீலத்தில் அவள் நாலாவதுக்கு வந்திருந்தாள். பொய் சொல்லாமை. போனை வாங்கி, "அம்மப்பா சாரத்தோட தேத்தண்ணி குடிக்கிறார் மாமா" என்றாள். வாடிக்கை போனது என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பிறகு குரல் வந்தது: "இனி போன் அவளிட்டயே இருக்கட்டும், ஐயா. உங்கட வேன் எங்க நிக்கிதெண்டு இண்டைக்குத்தான் எனக்குச் சரியாத் தெரிஞ்சது."

வேன் தரிப்பில்

இந்த முறை புத்தர் பிறந்த வெசாக்கும் அம்மன் குளிர்த்தியும் ஒரே பௌர்ணமியில் விழுந்தன. நிமலின் தாயும் மகியங்கனையில் இருந்து வருகிறா என்றார்கள். வெள்ளை உடுத்துப் பேரப்பிள்ளைகளோடு பகல் முழுக்கப் பன்சலையில் இருப்பாவாம். இனிச் சந்துனி குளிர்த்திக்கு வரமாட்டாள், கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

தரிப்பில் பக்கத்து வேன்காரர் ரகீம், காத்தான்குடி ஆள். அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. துணியைப் பிழிந்துவிட்டுச் சொன்னார்: "உங்கட பேத்தி உங்கட வேனுக்குள்ளதானே இருக்காள் அண்ணன். என்ட மகன் கட்டார்ல, போனுக்குள்ளதான் பெருநாள் கொண்டாடுறான்."

பௌர்ணமி

காலையில் ஐந்து பேரையும் பன்சலையில் இறக்கினேன். பொழுதுபடப் போய் நின்றேன். வேட்டி மாற்றியிருந்தேன். இவர்களை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே கோயிலுக்குப் போவது என்று முடிவு. ஒருவரையும் கேட்பதில்லை.

முன் கதவைத் திறந்து சம்பந்தி அம்மா ஏறினா. கையில் ஒரு கட்டு வேப்பிலை. பின்னால் மற்றவர்கள். "வீட்டுக்குத்தானே?" என்றேன். சுமதிதான் சொன்னாள். சந்துனி பகல் முழுக்க ஆச்சிக்கு எங்கள் அம்மனின் கதையைச் சொல்லியிருக்கிறாள், சிலம்பு, மதுரை, நெருப்பு, ஒன்றும் விடாமல். ஆச்சி கேட்டுவிட்டு, "இது எங்கட பத்தினி தெய்யோ" என்றாவாம். மகியங்கனை வீட்டிலும் அவளுக்கு விளக்கு வைக்கிறார்களாம். இத்தனை வருஷம் சம்பந்தியாக இருந்து எனக்கு இது தெரியாது.

நான் சாவியைப் பிடித்தபடி அவவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிசி டாஷ்போட்டில் தட்டி, "சம்பந்தி, பார்த்தது போதும், கோயிலுக்கு ஓட்டுங்க!" என்றா. குளிர்த்திக்குப் போக என்னை அவசரப்படுத்தின முதல் ஆள் அவதான்.

கோயிலில் நெரிசல். தண்ணீர் தெளித்தபோது என் விரலில் ஒரு கை வந்து பிடித்தது. குனிந்து பார்க்கவில்லை. தெரியும்.

பிறகு பொங்கல் கொடுத்தார்கள். மல்லி தன் பங்கை வாங்கி, சாப்பிடாமல், வாசலில் நாயைத் தேடி ஓடினான். சந்துனி என் விரலை விடாமலே கத்தினாள்: "மல்லி! அது அங்க! இஞ்ச நாமதான் தின்னணும், அம்மப்பாவைப் பாரு!"

வேன்காரனுக்குச் சொந்தமாகச் சாமி கிடையாது என்று தொடங்கினேன். இப்போது எனக்கென்று இரண்டு வாசல் இருக்கிறது, இரண்டிலும் வேன் நிறுத்தத்தான் நிழல் இல்லை.