சூசை அண்ணையின் வலக்கை

இந்த ஊரில் படத்தில் இடம் வலம் மாறியிருக்கும். நோர்வேயின் வடக்கே, கடலோரப் பட்டணமொன்றின் ஆஸ்பத்திரியில், மூளையைப் படம் பிடிக்கும் பகுதிக்குக் கொம்பியூட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் குழப்பியது பனியுமல்ல, மத்தியானத்திலும் விடியாத வானமுமல்ல, இதுதான். திரையின் வலப்பக்கம் தெரிவது நோயாளியின் இடப்பக்கம். வைத்தியர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோலவே பார்த்துப் பழகிவிட்டார்களாம். நானும் பழகிவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் காலையில் கையுறை போடும்போதுகூட ஒரு கணம் நின்று, எது எந்தக் கை என்று யோசிக்கிற ஆளாகிப் போனேன்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாரியில் எங்களுக்குப் புதுக் கொம்பியூட்டர் ஒன்று வந்தது. பழையதில் ஓடிய மென்பொருளைப் புதியதில் ஏற்றுவது என் பொறுப்பு. கோதாரி விழுந்த வேலை! ஒரு கோப்பு இல்லையென்று நிற்கும். அதைத் தேடிப் போட்டால் இன்னொன்று இல்லையென்று நிற்கும். கடைசியில் ஓடத் தொடங்கியபோது திரை முழுக்க மணலை வாரி இறைத்ததுபோல ஒரு படம். பழைய இயந்திரம் முன்னுக்கிருந்து எழுதிய எண்களைப் புதியது பின்னுக்கிருந்து வாசித்திருக்கிறது. அதையும் திருத்தினேன். மணல் அடங்கி, இரண்டாகப் பிளந்த பனங்கொட்டைக்குள் பூரான் பருப்பு தெரிவதுபோல, வெள்ளையாய் ஒரு மூளை மெல்ல எழும்பி வந்தது. யன்னலுக்கு வெளியே நீல இருட்டில் பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி கனநேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

அது சூசை அண்ணையின் மூளை. ஊர்காவற்றுறைக் கடற்றொழில் குடும்பம். இங்கே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறவர். இடப்பக்க மூளையில் ஒரு கட்டி. கத்தி பிடிக்கிற வலக்கை விரல்கள் தடுமாறத் தொடங்கியிருந்தன. மனைவியும் பிள்ளைகளும் சண்டையால் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்தார்கள். "இந்தக் கையாலைதான் தம்பி அவையை இஞ்சை எடுக்கோணும். கையை விட்டிட்டு எனக்குச் சீவியம் இல்லை," என்று என்னைக் காணும்போதெல்லாம் சொல்வார். வலக்கையை ஆட்டும் இடம் மூளையின் எந்த மூலையில் இருக்கிறதென்று தெரிந்தால்தான் கட்டியில் கை வைப்பேன் என்று சத்திரசிகிச்சை வைத்தியர் சொல்லியிருந்தார். அதற்கு ஆளைக் குழாய்போன்ற இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, கொஞ்சநேரம் விரலைத் தட்டச் சொல்லி, கொஞ்சநேரம் ஓயச் சொல்லிப் படம் எடுப்போம். தட்டும்போது எடுத்ததிலிருந்து ஓயும்போது எடுத்ததைக் கொம்பியூட்டர் கழிக்கும். மிஞ்சுகிற வெளிச்சப் புள்ளிதான் அந்தக் கையின் இடம். வலக்கைக்கு இடப்பக்க மூளை, இடக்கைக்கு வலப்பக்க மூளை.

படம் எடுத்த அன்று மொழிபெயர்த்ததும் நான்தான். உலோகம் ஒன்றும் உள்ளே போகக்கூடாது. மோதிரத்தையும் வெள்ளிச் செபமாலையையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். "வலக்கை விரலைத் தட்டோணும் அண்ணை. நான் சொல்லேக்கை நிப்பாட்டோணும். விளங்கிச்சுதே?" அவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். என் மேலதிகாரி இங்கெர், அவர் மறுக்கிறார் என்று நினைத்து என்னைப் பதற்றத்தோடு பார்த்தாள். அது எங்களுக்கு ஓம் என்று விளக்கவேண்டியதாயிற்று.

புள்ளி பிழையான பக்கத்தில் வந்தது. இடப்பக்கம் வரவேண்டியது வலப்பக்கம் நின்றது. "நீ புதிதாக ஏற்றியதில் புள்ளிப் படம் மட்டும் புரண்டுவிட்டது," என்றாள் இங்கெர். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும், புள்ளி மற்றப் பக்கம் போய்விடும். மாற்றிப் பார்த்தேன். ஐயோ, அது கட்டியின் நடுவிலேயே போய்க் குந்தியது. அதுதான் உண்மையென்றால் வைத்தியர் கட்டியைத் தொடமாட்டார். மாற்றாமல் விட்டால், கட்டிக்குத் தப்பிக் கையின் இடம் மற்றப் பக்கம் மாறிப் பத்திரமாக இருக்கிறதென்று நம்பி ஆழமாக வெட்டிவிடுவார். ஒரு வரிதான்.

தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் வலப்பக்கத்தில் மீனெண்ணெய்க் குளிசை ஒன்றை ஒட்டி இயந்திரத்துக்குள் வைத்தோம். குளிசை படத்தில் பளிச்சென்று தெரியும். மாற்றிய வரியைப் பழையபடி வைத்துப் பார்த்தேன். குளிசை போத்தலின் வலப்பக்கமே நின்றது. அப்படியென்றால் மென்பொருளில் பிழையில்லை. வேறு யாரில் பிழை?

திரையைப் பார்த்தபடி இருந்தபோது, எனக்கு ஊர்க் கடலின் சோழகக் காற்று மணம் வந்தது. நானும் அதே தீவில் சரவணை என்கிற ஊர் ஆள். மாமி வீடு அனலைதீவில். ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறினால், ஓட்டி சுக்கானைக் கையில் எடுத்ததும் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கத் தொடங்குவார். தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாகும் இடத்தில் வள்ளம் தூக்கிப் போடும். அப்போதும் அவர் முணுமுணுப்பு நிற்காது. இடக்கையில் சுக்கான். வலக்கையில் செபமாலை.

கதிரையைத் தள்ளிவிட்டு, அவர் கிடந்த நோயாளர் விடுதிக்கு ஓடினேன்.

"அண்ணை, கோவியாதேங்கோ. அண்டைக்கு எந்தக் கையாலை தட்டினனீங்கள்?"

"இடக்கையாலைதான். வலக்கையிலை செபமாலை எல்லே இருந்தது."

"அதை வாசலிலை வாங்கி வைச்சவையெல்லோ?"

தலையணைக்குக் கீழிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். ஆஸ்பத்திரிச் சட்டையின் இடுப்புக் கயிறு, வரிசையாக முடிச்சுப் போட்டிருந்தது. "வெள்ளிதானே கூடாதெண்டவை. கயிறு கூடாதெண்டு ஆரும் சொல்லேல்லை. அந்தக் குழாய்க்குள்ளை போறதும் கடலுக்குப் போறதும் எனக்கு ஒண்டுதான் தம்பி. கடலிலை வேலைக்கு இடக்கை, மாதாவுக்கு வலக்கை. தட்டுறது தட்டுறதுதானே, எந்தக் கையெண்டால் என்ன?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தட்டும்போதும் ஓயும்போதும் அந்த வலக்கை ஒரே மாதிரி உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கொம்பியூட்டர் அதைக் கழித்துவிட்டது. விளங்கப்படுத்தியதும் அவர் முகம் வாடியது. "அப்ப என்ரை கை?"

"இன்னும் தெரியாது அண்ணை. திரும்ப ஒருக்காப் படுக்கோணும். இந்தமுறை கயிறு வேண்டாம்."

"அது ஏலாது."

"அப்ப இடக்கையிலை பிடியுங்கோ."

"மாதாவை இடக்கையிலையோ? என்ன கதை கதைக்கிறீர்!" யோசித்தார். பிறகு கயிற்றை என்னிடம் நீட்டினார். "அப்ப நீர் பிடியும்."

"நான் சைவம் அண்ணை. எனக்கு அந்தச் செபம் தெரியாது."

"தெரிஞ்சதைச் சொல்லும். முடிச்சைத் தள்ளினால் சரி."

அவர் உள்ளே வலக்கை விரலைத் தட்ட, நான் கண்ணாடிக்கு இப்பால் முடிச்சைத் தள்ளினேன். தேவாரம் ஒன்றுகூட நாவில் வரவில்லை. வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து ஊருக்குப் பஸ் போகிற வழிதான். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை, ஊர்காவற்றுறை. முடிந்ததும் திரும்பவும் மண்டைதீவுச் சந்தி. கணிப்பு ஓடும்போதும் கயிற்றை வைக்க மனம் வரவில்லை. இடக்கையால் மட்டும் விசைகளைத் தட்டினேன். அது என்னவென்று இங்கெர் கேட்டாள். "அவருடைய கை," என்றேன். அவள் சிரித்தாள். இந்த நாட்டு நொஸ்க் மொழி எனக்கு இன்னும் சரிவரவில்லை என்று நினைத்திருப்பாள்.

புள்ளி வந்தது. சூசை அண்ணையின் இடப்பக்கம், கட்டிக்குப் பக்கத்தில். கட்டி அதைத் தள்ளி ஒதுக்கியிருந்தது, ஆனால் தின்னவில்லை. நடுவில் ஒரு சிறு ஒழுங்கைபோல இடைவெளி. "போதும், இதால் போய் வரலாம்," என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர்.

சிகிச்சை முடிந்து தலையில் கட்டோடு கிடந்தவரிடம் கயிற்றைக் கொண்டு போனேன். வலக்கையை நீட்டினார். விரல்கள் ஒவ்வொன்றாக, மெதுவாக விரிந்தன. கயிற்றை அதற்குள் வைத்தேன்.

"என்ன செபம் சொன்னனீர்?"

சொன்னேன். "பஸ் போற வழியோ! எங்கை மட்டும் போனனீர்?"

"ஊர்காவற்றுறை மட்டும்."

"அங்காலை வள்ளமெல்லோ. அது என்ரை வேலை," என்றார். பெருவிரல் தடுமாறித் தடுமாறி ஒரு முடிச்சைத் தள்ளியது. "அனலைதீவு."

வெளியே வந்து பனிக்குள் நின்று கையுறை போட்டேன். இடக்கை உடனே உள்ளே போய்விட்டது. வலக்கை குளிரில் வெறுமனே நின்று, இல்லாத முடிச்சை விரலால் தேடிக்கொண்டிருந்தது.